ஆறாம் பிரதிக்கு ஆட்சேபம்

சட்டம் படித்தவனுக்கு மனிதரைத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். என் விஷயத்தில் அது நீதிமன்றத்திலேயே நிரூபணமாகிவிட்டது என்பதுதான் கோபத்தின் காரணம்.

எல்லைப் போராட்டக் காலம். மலையாள சர்க்காரின் கீழிருந்த தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போனவர்களைப் பிடித்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நெய்யாற்றின்கரையில் ஒரு சர்க்கார் வக்கீலின் வீட்டில் தங்கி, அவரிடமே ஜூனியராக இருந்தேன். (காலையில் சர்க்கார்; மாலையில் தமிழன்.) பாறசாலைத் துணிக்கடைக்காரர் ஞானமுத்துவின் மகள் எஸ்தரை எனக்கு நிச்சயித்து, வேதக்கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறும் வாசித்து, ஆட்சேபம் சொல்ல ஒருவரும் எழாவிட்டால் மறுநாள் கல்யாணம்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சீனியருக்குக் காய்ச்சல். படுத்தபடியே ஒரு தாளை நீட்டினார். பெயர்கள் இல்லை, ஒன்றாம் பிரதி முதல் ஒன்பதாம் பிரதி வரை எண்கள் மட்டும். (குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் பக்கத்தில் பிரதி என்பார்கள்.)

"ஒவ்வொருத்தனுக்கும் எந்திரிச்சு, ஜாமீனுக்கு ஆட்சேபம் உண்டுன்னு சொல்லணும். கூண்டுப் பக்கம் பாக்கப்பிடாது, கேட்டியா? பாத்தா மனசு எளகிப்போவும்."

முகம் தெரியாத ஒருவனை வெளியே விடாதே என்று வாதாடச் சம்பளம் கொடுக்கும் அரசாங்கத்தை என்னவென்பது! புதுக் கறுப்பு அங்கியின் பெருமிதத்தில் அதை வேதவாக்காக ஏற்றுக்கொண்ட மடையனை என்னவென்பது!

எழுந்தேன். தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐந்து பேரை ஆட்சேபித்த உற்சாகத்தில் ஆறாமவருக்குச் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன்: "இவரை விட்டால் பொது அமைதிக்கே பங்கம்."

கூண்டிலிருந்து குரல் வந்தது. "எலே மக்கா, திங்கக்கெழம ஒன் கையில பெண்ணைப் பிடிச்சுக் குடுக்க வேண்டிய ஆளாக்கும் நான்!"

நிமிர்ந்தேன். ஞானமுத்து. முந்தின மாலை ஊர்வலத்தில் பிடித்திருக்கிறார்கள்.

பதறிப்போய், அவர் எவ்வளவு சாது என்று வாதாடத் தொடங்கினேன். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார்.

"வக்கீல் ஏது பாகத்தாணு?"

(நீ எந்தப் பக்கம் என்கிறார். எனக்குத் தெரிந்தால்தானே!) சர்க்காரின் கடும் ஆட்சேபத்தை முன்னிட்டு ஒன்பது பேருக்கும் ஜாமீன் மறுக்கப்பட்டது.

கல்யாணம் நின்றது. தகப்பனை உள்ளே தள்ளியவனுக்கு மகளைக் கொடுப்பார்களா என்பதே சந்தேகமாயிற்று. இரண்டு வாரம் கழித்து அவர் வெளியே வந்தார். அடுத்த ஞாயிறு போதகர் மூன்றாம் ஓலையை வாசித்து, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார்.

ஞானமுத்து எழுந்தார்.

"உண்டு."

சபையே திரும்பிப் பார்த்தது. அவர் பாட்டுப் புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தொடர்ந்தார்: "இவனை வெளிய விட்டா பொது அமைதிக்குப் பங்கமாக்கும். சீக்கிரம் கெட்டி வச்சு உள்ள போடுங்க, போதகரே!"

கல்யாணமான நாள் முதல் நான் வீட்டில் எதை மறுத்தாலும், "சர்க்காருக்கு ஆட்சேபம் உண்டு" என்று எஸ்தர் அடுக்களையிலிருந்து அறிவிப்பாள். நாற்பது வருடத்துக்கு மேல் அறிவித்தாள்.

சென்ற ஆண்டு ஆஸ்பத்திரியில், வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். டாக்டர் எழுதிய தாளைப் பார்த்தபடி, கூடாது என்றேன்.

"மொகத்தப் பாத்துச் சொல்லும், வக்கீலே."

நிமிர்ந்தேன். அதற்குமேல் என்னால் ஆட்சேபிக்க முடியவில்லை. அன்று மாலையே வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒன்பது நாள் இருந்தாள்.

அப்பா வாங்கிக்கொடுத்த ஒரே ஜாமீன் அதுதான் என்று பிள்ளைகள் இப்போது சொல்கிறார்கள்.