ஒரு பெருமூச்சும் இரண்டு ஸ்பீக்கர்களும்

திங்கட்கிழமை காலை ஆலைக்குப் போகும் வழியில், ரௌனோவின் வண்டியில் வலது கதவு ஸ்பீக்கர் ஒருமுறை கர்ரென்று இழுத்துவிட்டு அடங்கியது. இடது கதவு ஸ்பீக்கர் போன வாரமே போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டும் இருபது வருடம் பின்லாந்துக் குளிரைத் தின்றவை, விளிம்பெல்லாம் இற்றுப்போயிருந்தன. வானிலை வாசித்துக்கொண்டிருந்த பெண்மணி "வடக்கே கடும் பனி" என்பதோடு காணாமல் போனார்.

வண்டிக்குள் அமைதி.

ரௌனோவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்வதானால் அவருக்கு ரேடியோவே ஆகாது. எல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் கலெர்வோவுக்காகத்தான். இருவருக்கும் ஒரே தெரு, ஒரே காகித ஆலை, ஒரே ஷிப்டு. அதனால் பதினோரு வருடமாக ஒரே வண்டி. முதல் நாள் கலெர்வோ ஏறி உட்கார்ந்ததும் ரேடியோவை ஒருதரம் பார்த்தார். 'பாட்டுக் கேட்கிற ஆள் போலிருக்கிறது' என்று ரௌனோ அதைத் திருகிவிட்டார். அதற்குப் பிறகு அணைக்க மனசு வரவில்லை. அணைத்தால் அந்த ஆளின் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடாதா? போக முக்கால் மணி, வர முக்கால் மணி, பன்றி இறைச்சி விலையிலிருந்து டாங்கோ பாட்டு வரைக்கும் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

இன்றைக்கு அதுவாகவே நின்றுவிட்டது. யார் மேலும் தப்பில்லை. ரௌனோ உள்ளம் நிறைந்து, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

கலெர்வோ திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு முட்டி வலிக்குது."

வண்டி ஓரத்துப் பனிமேட்டை உரசிவிட்டுத் திரும்பியது. இத்தனை வருடத்தில் இந்த மனுஷர் "வந்துட்டேன்", "வரேன்" என்ற இரண்டைத் தவிர வண்டிக்குள் வாய் திறந்ததில்லை.

"எந்த முட்டி?" என்று கேட்டார் ரௌனோ. கேட்டிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது.

"இடது," என்ற கலெர்வோ நன்றாக யோசித்தார். "சில நாள் வலது."

அத்தோடு விட்டது என்றுதான் ரௌனோ நினைத்தார். ஆலை வாசலில் இறங்கும்போது கலெர்வோ கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "ரெண்டும் வலிக்கிற நாளும் உண்டு."

செவ்வாய்க்கிழமை நிலைமை முற்றிவிட்டது. பங்க் தாண்டியதும், எதிரே ரோட்டையே வெறித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி கலெர்வோ ஒரே மூச்சில் சொன்னார்: "எங்க வீட்டு ஜன்னலுக்குத் திரை மாத்தப்போறோம். பழுப்பு வேணாம், பழுப்பு போட்டா கூடம் இருண்டு போயிடும். ஆனா துவைக்கறதுக்குப் பழுப்புதான் வசதி."

"அப்படியா," என்றார் ரௌனோ.

திரும்பி வரும்போது வேறு விஷயம், மனைவி ஹெல்வி வழிச் சொந்தத்தைப் பற்றி.

"ஹெல்வியோட சித்தி மகளுக்குப் பித்தப்பையை எடுத்துட்டாங்க."

"அப்படியா."

"கல்லு இருந்துச்சு."

"அப்படியா."

"பட்டாணி சைஸ்."

'அப்படியா'வை மூன்று தரத்துக்கு மேல் சொல்ல முடியாது, நாலாவது தரம் கிண்டலாகத் தொனிக்கும். ரௌனோ வேறென்ன சொல்வது என்று தெரியாமல் கண்ணாடி துடைப்பானைப் போட்டுவிட்டார். வெளியே மழையும் இல்லை, பனியும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி இர்மாவிடம் கொட்டினார். "கலெர்வோ பேசறான்."

"பேசட்டுமே."

"நான் பதில் சொல்ல வேண்டியிருக்கு இர்மா."

"சொல்லேன். வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

"பித்தப்பையைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? காலையில இருந்து நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. நாளைக்கு எதை எடுத்துக்கிட்டு வருவானோ."

"கொஞ்சம் பேசாம வாப்பான்னு சொல்லிடு."

ரௌனோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு மனுஷன்கிட்ட அப்படிச் சொல்லிட்டு இந்தத் தெருவுல நான் குடியிருக்க முடியுமா?"

அது நியாயம்தான் என்று இர்மாவும் ஒத்துக்கொண்டாள். அப்படியானால் ஒரே வழிதான். ஸ்பீக்கர் மாற்ற வேண்டும். ரேடியோ பாடினால் கலெர்வோ பாட்டைக் கேட்பார், வாயை மூடுவார்.

"சவுனாக் குளியலறைக்குப் புது அடுப்பு வாங்கினதுல கை காலி," என்றாள் இர்மா. "அம்பது ஈரோ தரேன். அதுக்குள்ள முடி. முடியலைன்னா பித்தப்பையைக் கேட்டுக்கிட்டே போய்ட்டு வா."

மறுநாள் சாயங்காலம் ரௌனோ கடைக்குப் போனார். நல்ல ஸ்பீக்கர் எல்லாம் ஐம்பதைப் போல மூன்று மடங்கு. மூலையில் ஒரு கூடையில், பிரித்து ஒட்டிய அட்டைப் பெட்டியில் ஒரு ஜோடி நாற்பது ஈரோவுக்குக் கிடந்தது.

"இது ஏன் பிரிச்சிருக்கு?" என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டார்.

"வாங்கினவங்க திருப்பிக் கொடுத்துட்டாங்க. ரெண்டு மூணு பேர்."

"எதுக்கு?"

"அவங்க சொல்லலை. நாங்களும் கேக்கலை."

இதைவிடக் கண்ணியமான வியாபாரம் இருக்க முடியாது என்று ரௌனோ வாங்கிக்கொண்டு வந்தார்.

கொட்டகையில் வண்டியை விட இடமில்லை. அங்கே படகு குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தது. ஆகவே வாசலிலேயே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உறைபனியில் கதவின் உள்பலகையை நெம்பினார். குளிரில் விறைத்திருந்த பிளாஸ்டிக் கொக்கிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

புது ஸ்பீக்கரை உள்ளே வைத்த பிறகுதான், வாங்கினவர்கள் ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்று தெரிந்தது. பின்னால் இருக்கும் காந்தம் தடிமன். ஜன்னல் கண்ணாடி இறங்கும்போது நேராக அதில் போய் இடித்தது. ஸ்பீக்கரை விரலளவு வெளியே தள்ளி வைக்க ஒரு வளையம் வேண்டும். வளையத்துக்குப் பலகை வேண்டும். சமையலறையில் இர்மாவின் ரொட்டி வெட்டும் பலகை இருந்தது. ரௌனோ அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு போனார்.

வளையம் பொருந்தியது. ஆனால் ஸ்பீக்கர் இப்போது துருத்திக்கொண்டு நின்றதால் உள்பலகை மூடவில்லை. முழங்காலால் ஓர் உதை கொடுத்தார். மூடிக்கொண்டது. மூடுகிற வேகத்தில் ஜன்னல் பொத்தானுக்குப் போகும் ஒயர் கழன்று கதவுக்குள் விழுந்தது. கண்ணாடி பாதி இறங்கிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டது.

வியாழக்கிழமை கலெர்வோ குப்பைப் பை ஒட்டிய ஜன்னலுக்குப் பக்கத்தில், காது மூடிய குல்லாயோடு பயணம் செய்தார். பை படபடவென்று அடித்துக்கொண்டது. ஸ்பீக்கரில் ஏதோ ஒரு குரல் கிணற்றுக்குள்ளிருந்து முனகியது. ஒன்றில் ரௌனோ ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. போகட்டும், இந்த இரைச்சலில் யாரால் பேச முடியும் என்று ரௌனோ கொஞ்சம் நிம்மதியாகவே ஓட்டினார்.

பங்க் தாண்டியது. கலெர்வோ குல்லாயைத் தூக்கினார். ரௌனோவின் காதருகே வந்து கத்தினார்.

"சர்ச் பாட்டுக் குழுவுல ரெண்டு பொம்பளைங்க பேசிக்கறதில்லை! காபி பாத்திரம் யாரு கழுவறதுங்கறதுல சண்டை!"

"அப்படியா!" என்று ரௌனோவும் கத்த வேண்டியதாயிற்று.

சாயங்காலம் கதவை மறுபடி பிரித்தார். இந்தத் தடவை ஜாக்கிரதையாக, பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். ஜன்னல் ஒயரைச் சேர்த்தார். ஸ்பீக்கர் ஒயரைச் சரியாக மாற்றினார். கண்ணாடி ஏறியது. தன்னைத்தானே மெச்சிக்கொண்டு பேட்டரியை மாட்டினார். ரேடியோ விழித்துக்கொண்டு, தான் திருடு போகவில்லை என்பதற்கு அத்தாட்சியாக ரகசிய எண்ணைக் கேட்டது.

"நம்பர் எங்க இர்மா?"

"எனக்கென்ன தெரியும்? வண்டியை வித்தவனைக் கேளு."

"அவன் செத்துப் போய் நாலு வருஷமாச்சு."

"அப்போ கேக்க முடியாது," என்றாள் இர்மா. பிறகு சமையலறைக்குள் போனவள் குரல் கொடுத்தாள். "ரொட்டிப் பலகையைப் பார்த்தியா?"

ரௌனோவுக்கு அது காதில் விழவில்லை. அவர் தன் பிறந்த வருடம், இர்மாவின் பிறந்த வருடம் என்று வரிசையாக அடித்துப் பார்த்தார். ரேடியோ மூன்று தப்புக்குப் பிறகு பூட்டிக்கொண்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை சவுனாவிலிருந்து கையடக்க ரேடியோவை எடுத்து வந்து கலெர்வோவின் மடியில் வைத்தார். "கம்பியைக் கூரை வரைக்கும் தூக்கிப் பிடிச்சுக்கோ. அப்பதான் எடுக்கும்."

கலெர்வோ தூக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிடம் பாடியது. பிறகு குளிரில் பேட்டரி செத்தது.

ரௌனோ மறுபடி பெருமூச்சு விட்டார். இந்தப் பெருமூச்சு வேறு. இது வாழ்க்கை வெறுத்தவர் விடுகிற பெருமூச்சு.

அப்போதுதான் அந்த அநியாயம் நடந்தது. கலெர்வோ ரேடியோவைக் கீழே வைத்தார். கையை நீட்டினார். ரௌனோவின் தோளில் வைத்தார்.

"ரௌனோ, நீ எப்படி இருக்கே?"

ரௌனோவைப் பற்றி ரௌனோவிடமே நேருக்கு நேர் கேள்வி. அதுவும் ஆலைக்குப் போகிற வழியில், காபிகூட முழுசாகக் குடிக்காத வேளையில். டாக்டர்கூட அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

"இருக்கேன்," என்றார்.

"இல்லை, உள்ளுக்குள்ள?"

இதற்கு மேல் தாங்காது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார். புது ரேடியோவே வாங்கிவிட வேண்டியதுதான். இர்மாவிடம் கேட்க வாய் இல்லை, பலகை விவகாரம் வெளியே வந்துவிட்டிருந்தது. விற்பதற்கு அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஐஸ் துளைக்கிற துரப்பணம். ஞாயிற்றுக்கிழமைகளில் உறைந்த ஏரி நடுவில் துளை போட்டு, தூண்டிலை விட்டு, தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே அமைதி. ரேடியோ இல்லாத இடம். முட்டியும் பித்தப்பையும் இல்லாத இடம். அந்தத் துரப்பணத்தை அன்று சாயங்காலமே பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போனான். அவன் போகிற வரைக்கும் ரௌனோ வாசலில் நின்று பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் அமைதி இல்லாவிட்டால் சாகமாட்டேன், வாரம் முழுக்க வண்டியில் பேச்சு என்றால் செத்துவிடுவேன் என்று கணக்குப் போட்டுத் தேற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை புது ரேடியோவைப் பொருத்தினார். பொத்தானை அழுத்தினார். இரண்டு கதவிலிருந்தும், கிணறும் இல்லாமல் கரகரப்பும் இல்லாமல், டாங்கோ பொங்கி வந்து தெரு முழுவதும் கேட்டது. ரௌனோவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்குப் பிடிக்காத பாட்டு. இத்தனை சந்தோஷமாக அவர் எதையும் கேட்டதில்லை.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. கலெர்வோவின் மனைவி ஹெல்வி, காலில் வீட்டுச் செருப்போடு, கையில் ஏலக்காய் பன் தட்டோடு பனியில் வேகமாக வந்தாள்.

"பாடுதா? நெசமாவே பாடுதா?"

"பாடுது," என்றார் ரௌனோ.

"அப்பாடா," என்று அவள் தட்டை வண்டிக் கூரைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

ரௌனோவுக்கு அவள்மேல் இரக்கம் பிறந்தது. பாவம், தன் பாடு தினம் ஒன்றரை மணி நேரத்தோடு போயிற்று. இவள் ராப்பகல் பார்க்காமல் கேட்க வேண்டும். ரேடியோவைக் கொஞ்சம் தணித்தார்.

"ஹெல்வி, தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்டுலயும் கலெர்வோ இப்படித்தானா?"

"எப்படி?"

"இந்த மாதிரி, விடாம பேச்சு."

ஹெல்வி அவரை விநோதமாகப் பார்த்தாள். "பேச்சா? அவரா? கல்யாணத்துல பாதிரியார் கேட்டப்போ 'ஆமா'ன்னார், அதுதான் நான் கேட்ட நீளமான பேச்சு."

"அப்ப திரை? பித்தப்பை?"

"எல்லாம் நான் காலையில காபி போடறப்போ சொல்லிக்கொடுத்தது, ரௌனோ," என்றாள் ஹெல்வி. "உங்க ரேடியோ நின்னப்போ அவருக்கு அப்பாடான்னு இருந்துச்சாம், பதினோரு வருஷமா உங்களுக்காகத்தானே அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கிட்டார், ஆனா நீங்க ஒரு பெருமூச்சு விட்டீங்களாமே, அதைக் கேட்டு, ரேடியோ போன துக்கத்துல மனுஷன் ஒடைஞ்சு போய்ட்டான், சும்மா விட்டா ஏதாவது பண்ணிக்குவான்னு பயந்துதான் பேசக் கத்துக்கிட்டு வந்தார்."