புள்ளியை எங்கள் வாசலிலிருந்து எடுப்பது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். நீங்களும் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன். கேட்டால் நீ எப்படியும் "சூப்பரா இருக்கேன்க்கா" என்பாய், அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். சொன்னேன். நான் பேசப் பேச, அந்தப் பக்கம் நீ கணினியில் தட்டுகிற சத்தம்தான் கேட்கிறது. அதனால் காகிதம். உறைமேல் எழுத உன் அஞ்சல் குறியீட்டை உன் இணையதளத்திலேயே தேடினேன். ஏரி நடுவில் புள்ளி வைத்துக் காட்டுகிறது. ஆகவே உன் கதவு எண்ணை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

நாட்டிலுள்ள அத்தனை அஞ்சல் குறியீடுகளையும், ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளியையும் சேர்த்து, மென்பொருள் எழுதுகிற யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நீயும் உன் கூட்டாளிகளும் இணையத்தில் திறந்து வைத்தீர்களே, அன்றைக்கே உன்னிடம் கேட்டேன், இதுல உனக்கு என்னடா லாபம் என்று. எனக்கு ஒண்ணும் இல்லக்கா என்றாய். அப்ப யாருக்கு என்றேன். எல்லாருக்கும்தான் என்றாய். எல்லாருக்கும் லாபம் என்று சொல்கிறவனிடம் நான் இதுவரை எதுவும் வாங்கியதில்லை. காசும் கேட்காமல், பெயரும் கேட்காமல் ஒருவன் ஒன்றைக் கொடுக்கிறான் என்றால் எங்கேயோ ஒரு வில்லங்கம் இருக்கும் என்று நினைத்தேன். அது என் வீட்டு வாசலில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

எங்கள் குறியீட்டுக்கு உரிய பகுதியின் நடு இடத்தைக் கணக்கிட்டதில் புள்ளி சரியாக எங்கள் கேட்டில் விழுந்துவிட்டது, அது தற்செயல் என்கிறாய். சராசரி என்பது பெரும்பாலும் யாருமே குடியிருக்காத இடம் என்று கல்லூரியில் வருஷா வருஷம் பாடம் நடத்துகிறேன். அதில் நானே குடியிருப்பேன் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. உன் தரவை எடுத்துப் பயன்படுத்துகிற செயலி ஒவ்வொன்றும், தெருப் பெயர் புரியாவிட்டால் நேராகப் புள்ளிக்கு ஆளை அனுப்பிவிடுகிறது. யாரோ வாங்கிய மெத்தை இங்கே வருகிறது, யாரோ வாங்கிய மீன்தொட்டி வருகிறது, கன்னம் வீங்கிய ஒருவர் பல் மருத்துவரைத் தேடி வந்து என் முன்னறையில் உட்கார்ந்து தன் முறை எப்போது என்று கேட்கிறார், வாடகைக்கு வீடு பார்க்க வந்த புதுத் தம்பதி நான் தடுப்பதற்குள் சமையலறைக்குள் போய், அலமாரியைத் திறந்து பார்த்து, ஈரம் இறங்குது, வாடகையைக் குறைச்சுக்குங்க என்கிறார்கள். ஈரம் இறங்குவது உண்மைதான். அது வேறு விஷயம்.

சரி, வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருக்கிறாரே, கதவைச் சாத்த மாட்டாரா என்று கேட்பாய். அலுவலகத்தை மூடிக் கணக்குத் தீர்த்து அனுப்பியதிலிருந்து உன் அத்தான் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். பேப்பர் வந்த மடிப்பு கலையாமல் மேஜையிலேயே கிடக்கும். அணைத்து வைத்த டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சாப்பிட வாங்க என்றால் வருவார், போதுமா என்றால் போதும் என்பார், அவ்வளவுதான் அன்றைய பேச்சு. நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பதால் வீடு நூலகம் மாதிரி இருந்தது. இப்போது அவர் விடிந்ததும் சவரம் செய்துகொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்த் தெருவிளக்கின் கீழே போட்டு உட்கார்ந்துவிடுகிறார். மெத்தைக்காரருக்கு வழி, பல்வலிக்காரருக்கு வழி. சாமான் கொண்டுவருகிற பையன்களெல்லாம் இவரை "பாயிண்ட் சார்" என்று கூப்பிடுகிறார்கள், இவரும் திரும்பிப் பார்க்கிறார். போன மாதம் பின்தெருவில் ஒருவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் புள்ளியை நம்பி எங்கள் வாசலில் வந்து நின்றது. இவர் போட்டிருந்த அரைக்கால் சட்டையோடு முன்சீட்டில் ஏறி வழிகாட்டிக்கொண்டே போய்விட்டார். அந்த மனுஷனுக்குத் துணைக்கு யாரும் இல்லை என்று ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டு, இருட்டிய பிறகு வந்தார். ஆள் பிழைத்துக்கொண்டார், நல்லது. நான் செய்த குழம்பு அடிப்பிடித்துப் போனதை யாரும் விசாரிக்கவில்லை. வந்ததிலிருந்து படுக்கும்வரை பேச்சு, பேச்சு, பேச்சு. எனக்கு விடைத்தாள் திருத்த வேண்டாமா? எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, வீட்டில் கொஞ்சம் அமைதி.

உன் தளத்தில் தவறு இருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஒரு புனைபெயரும் காரணமும் கொடுத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் யார் வேண்டுமானாலும் கெடுக்கலாம் என்று உங்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை? போகட்டும். "உண்மை" என்ற பெயரில் நான் உள்ளே போய், சராசரிக்கும் குடியிருப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பத்தியில் விளக்கி, புள்ளியை மைதானத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு நகர்த்தினேன். மறுநாள் மணி அடித்தது. கேட்டில் ஒரு குளிர்பதனப் பெட்டி. போய்ப் பார்த்தால் புள்ளி பழையபடி எங்கள் வாசலில். மாற்றியவர் பெயர் "தெருவிளக்கு". காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: "இங்கே ஆள் இருக்கிறது."

 இங்கே ஆள் இருக்கிறது என்று யார், யாருக்குத் தகவல் சொல்கிறார்கள்? அன்றே புதுப் பூட்டு வாங்கினேன். புள்ளியை மறுபடி தொட்டிக்குத் தள்ளினேன். மறுபடி வந்துவிட்டது, அதே தெருவிளக்கு, அதே வரி. இப்படியே நானும் அந்த முகம் தெரியாத ஆளும் மாற்றி மாற்றி நகர்த்திக்கொண்டிருக்கிறோம். முதலில் எதிர்வீட்டு ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர்மேல் சந்தேகம். மாடியிலிருந்து எங்கள் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், "மேடம், உள்ள என்ன வியாபாரம் நடக்குது?" என்றே கேட்டுவிட்டார். ஆனால் அவர் எங்களைச் சந்தேகப்படுகிறார், ஆகவே அவராக இருக்க முடியாது. அடுத்து வீட்டுத் தரகர். வழி தவறி வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் வாசலிலேயே நின்று தன் அட்டையைக் கொடுக்கிறார். விசாரித்தால், உங்க வீட்டையும் கொடுக்கற ஐடியா இருக்காம்மா என்கிறார். அவரை இன்னும் விடவில்லை. உன்மேலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

உன் அத்தானிடம் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. நான் கவலையில் இருக்கும்போது, அட்சரேகைன்னா மேலயிருந்து கீழயா, பக்கவாட்டுலயா என்று சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறார். பொது அறிவு வளரட்டும் என்று தட்டின் ஓரத்தில் கோடு போட்டுக் காட்டினேன். இதற்கு நடுவே புதிதாகக் கண்ணாடி வேறு வாங்கியிருக்கிறார். நான் அறைக்குள் போனால் போனைக் கவிழ்த்து வைக்கிறார். மற்ற நாளாக இருந்தால் அதையும் விசாரித்திருப்பேன். இப்போது எனக்குத் தெருவிளக்கு யாரென்று தெரிந்தால் போதும்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். அந்த ஆள் யாரென்று உங்கள் பதிவிலிருந்து எடுத்து எனக்கு எழுது. புள்ளியைத் தொட்டியிலேயே வைத்து யாரும் அசைக்க முடியாதபடி பூட்டு. திறந்த தரவைப் பூட்ட முடியாதுக்கா என்று ஆரம்பிக்காதே. நான் உன் அக்கா.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தை நன்றாகப் படிக்கட்டும், கண்ணுக்கு நேராகப் போனை வைத்துக்கொள்ளாமல் இருக்கட்டும். நீங்கள் எல்லோரும் நீண்ட காலம் சௌக்கியமாக இருக்க வேண்டும், முடிந்தால் வேளைக்குச் சாப்பிட்டு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். முந்தாநாள் இதைத் தபாலில் போடச் சொல்லி உன் அத்தானிடம் கொடுத்தேன். தம்பிக்கு என்ன இவ்வளவு பெரிய லெட்டர் என்றார். தெருவிளக்கு யாருன்னு கேட்டிருக்கேன் என்றேன். உறையை மேஜையில் வைத்துவிட்டு, ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளரை இன்னொரு தரம் கழுவினார்.

"அவனை எதுக்குத் தொந்தரவு பண்ற? நான்தான்."

உங்களுக்கு அட்சரேகையெல்லாம் எப்படித் தெரியும் என்றேன். நீதானே சொல்லிக்கொடுத்த என்றார்.

பிறகு, "புள்ளியை எங்க வெச்சாலும் வழி தெரியாதவங்க அங்கதாம்மா வந்து நிப்பாங்க. தொட்டிகிட்ட நின்னு யாரைக் கேப்பாங்க? இங்கயாவது நான் இருக்கேன்" என்றார். "உனக்குச் சங்கடமா இருந்தா வேணாம். இனிமே மாத்தல."

சொன்னபடியே புள்ளியைத் தொட்டியில் வைத்துவிட்டு, நாற்காலியை உள்ளே கொண்டுவந்து போட்டார். நேற்று முழுவதும் மணி அடிக்கவில்லை. நான் கேட்ட அமைதி. பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. சாப்பிட வாங்க என்றேன், வந்தார். போதுமா என்றேன், போதும் என்றார். ஒரு விடைத்தாள்கூட என்னால் திருத்த முடியவில்லை.

ஆகவே யாரையும் தேட வேண்டாம், எதையும் பூட்ட வேண்டாம். இன்று காலை அவர் குளிக்கப் போயிருந்தபோது நாற்காலியை வாசலில் போட்டுவிட்டு வந்து உன் தளத்தைத் திறந்தேன். புள்ளி மறுபடி எங்கள் கேட்டில் இருக்கிறது. மாற்றியவர் "விளக்குக் கம்பம்" என்று காட்டும். அது யாரென்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதாதே. காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு, அவர் எழுதியதையே போட்டேன்: "இங்கே ஆள் இருக்கிறது."