முழங்காலுக்கு ஒரு ஜெபச் சீட்டு

ஜெபத்தில் பொய் சொல்லும் துணிச்சல் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் ஒரு வார்த்தைகூடப் பொய் எழுதாமல் ஒரு சபையையே ஏமாற்ற முடியும் என்று இருபத்து மூன்றாம் வயதில் செய்து காட்டியிருக்கிறேன். அதற்கு ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் பத்திரிகையில் ஆறு மாதப் பயிற்சியும் போதுமாக இருந்தன.

அப்போது நான் திருவண்ணாமலையில் ஒரு நாளிதழின் பயிற்சி நிருபர். திங்கட்கிழமை தோறும் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம் நடக்கும். பட்டா கேட்டும் பாதை கேட்டும் வருகிறவர்களின் மனுக்களைப் படித்துப் படித்து, எந்த மனு நகரும், எது மேஜையிலேயே தூங்கும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன் என நம்பினேன். (தலைக்கனம் பிடிக்க ஆறு மாதம் தாராளம்.)

கிரிக்கெட்டில் எனக்கு இருந்தது ஆர்வம் அல்ல, பக்தி. குறிப்பாக ஒரு வேகப்பந்து வீச்சாளர் மீது. அவருடைய ஆளுயரப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே ஒட்டியிருந்தது. அவர் பந்து வீசும்போது வீட்டில் யாரும் இடம் மாறக் கூடாது. ஒரு முறை அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றபோது விக்கெட் விழுந்ததால், அடுத்த நான்கு ஓவரும் அவரை அங்கேயே நிறுத்திவைத்தேன். குழம்பு தீய்ந்தது. சபைச் செயலாளரான அப்பா, "இதுக்குப் பேரு விக்கிரக ஆராதனைடா" என்றார். ஆனால் அவரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்த ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதியில் நாம் ஜெயித்தோம். ஆனால் என் பந்து வீச்சாளர் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வெளியேறினார். இறுதிப் போட்டி அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர் ஆடுவது சந்தேகம் என்று எங்கள் பத்திரிகையே போட்டது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். தேவை உள்ளவர்கள் பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போடலாம். ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் எல்லாச் சீட்டுகளுக்கும் சேர்த்து ஜெபித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை மட்டும் எடுப்பார். அதுதான் அந்த வாரத்தின் 'பாரம்'. வெள்ளிக்கிழமை பெண்கள் சங்கத்தார் அந்த ஒரு சீட்டுக்காக மட்டும் உபவாசம் இருந்து ஜெபிப்பார்கள். மற்றவை மறுபடியும் பெட்டிக்குள் போகும்.

நான் எழுதிய சீட்டு இது:

"எங்கள் வீட்டில் எல்லோரும் நேசிக்கும் சகோதரர் ஒருவருக்கு வலது முழங்காலில் பலத்த அடி. ஓடினால்தான் அவருக்குப் பிழைப்பு. அவரை நம்பிப் பலர் இருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு மதியத்துக்குள் அவர் எழுந்து ஓட வேண்டும். அவசரம்."

எந்த வரியையும் கோர்ட்டில் நிறுத்தலாம். 'பலர்' என்றது நூற்று நாற்பது கோடிப் பேரை. நான் அடக்கமாகத்தான் எழுதியிருந்தேன்.

போதகர் கைவிட்டு எடுத்தது என் சீட்டை. படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது. சபை முழுக்க ஒரு 'த்சோ' எழுந்தது. என் பின்னால் ஒரு அம்மா, "ஓடினாதான் பொழப்பாம். சாப்பாடு டெலிவரி பண்ற புள்ளையா இருக்கும்" என்றார். செருப்பு மாட்டும் இடத்தில் நடந்த பேச்சில் அந்தப் பிள்ளை செங்கம் ரோட்டில் லாரியில் அடிபட்டிருந்தான். கேட்டைத் தாண்டுவதற்குள் அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்திருந்தன. உறுதி செய்யப்படாத தகவல் எந்த வேகத்தில் பரவும் என்று எங்கள் ஆசிரியர் பலமுறை சொன்னதை அன்றுதான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதினோரு நிமிடம்.

அன்று உரக்க 'ஆமென்' சொன்னவர் அப்பா.

வெள்ளிக்கிழமை காலை சபைக் கூடத்தைத் திறந்துவிட அப்பா என்னை அனுப்பினார். சாவியைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவது என் திட்டம். ரூத் அக்கா விடவில்லை. அவருக்கு நாற்பது வயது இருக்கும். கலெக்டர் ஆபீசில் ஒப்பந்தத் துப்புரவுப் பணி. மூன்று மாடியும் அவர் துடைப்பத்துக்குக் கீழே. உபவாச ஜெபத்தை நடத்துகிறவரும் அவர்தான். அன்றைக்கு அதற்காகவே லீவு போட்டிருந்தார்.

"தம்பி, எங்க கெளம்பிட்ட? வயசுப் புள்ள ஒண்ணாவது ஒக்காரட்டும். அடிபட்டதும் வயசுப் புள்ளதானே" என்றார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மணி பத்து ஐந்து.

ரூத் அக்கா கத்தி ஜெபிக்கிறவர் அல்ல. சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு, எதிரே இருக்கிற ஒருவரிடம் விவரம் சொல்வதுபோலப் பேசினார். "ஆண்டவரே, அந்தப் புள்ள யாருன்னு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். எந்த நரம்பு புடிச்சிருக்குன்னு டாக்டருக்கு முன்னாடி உமக்குத் தெரியும். படி ஏறும்போது எனக்கும் முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. அது இருந்துட்டுப் போவட்டும். அவருக்குக் கம்மி பண்ணும். எங்கியாவது ஜாஸ்தி பண்ணித்தான் ஆவணும்னா எனக்குப் பண்ணும். நான் மெதுவா கூடப் பெருக்கிக்குவேன். அவரு ஓடணும்."

நான் சென்னை மைதானத்தில் அந்தப் பந்து வீச்சாளரின் பெயரைத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். சுற்றிலும் ஆயிரமாயிரம் பேர் கத்தினார்கள். முகத்தில் வர்ணம் பூசியவர்கள், அவர் பெயரைக் கையில் பச்சை குத்தியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். தன் முழங்காலைக் கொடுக்கிறேன் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்த அம்மா பெயர் தெரியாத ஒருவனுக்காக, தண்ணீர்கூடக் குடிக்காமல், நாலு மணி நேரத்தில் ஒரு முறைகூடக் கால் மாற்றாமல் இருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை மூட வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

இரண்டு மணி வாக்கில், சங்கத்தாரோடு உபவாசம் இருந்த என் அம்மா என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். "ரூத்து சீட்டு பதினோரு வாரமா பெட்டியிலியே கெடக்குது. நான்தான் எழுதிக் குடுத்தேன். பொண்ணு நர்சிங் முடிச்சிட்டு வேலயில்லாம இருக்கா. இந்த வாரமாவது வரும்னு பாத்தேன். அவ என்னா சொல்றா தெரியுமா? 'எம் பொண்ணுக்கு ரெண்டு காலும் நல்லாருக்குக்கா, அவ காத்திருப்பா'ங்கறா."

அந்த நிமிடமே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன். வெளியே போய், பேருந்து நிலையத்துக்கு எதிரே நான்கு பரோட்டா சாப்பிட்டேன். (குற்ற உணர்ச்சி வந்தால் எனக்குப் பசிக்கும். இதற்கு மருத்துவம் இல்லை.)

மறுநாள் மதியம் எங்கள் வீட்டு வாசலில் ரூத் அக்காவும் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரும். கையில் பிரெட் பாக்கெட், ஒரு சீப்பு வாழைப்பழம், ஜெபித்த எண்ணெய் பாட்டில். அப்பா கதவைத் திறந்தார்.

"புள்ள எப்டி இருக்காருங்கண்ணா?"

"எந்தப் புள்ள?"

"முட்டி அடிபட்ட தம்பி. உங்க வூட்லதான் வெச்சிப் பாக்கறீங்கன்னு..."

"எங்க வூட்லயா? யாரு சொன்னா?"

ரூத் அக்கா பையிலிருந்து என் சீட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பாதி கிழிந்த செய்திக் குறிப்பு. "இது எங்க ஆபீசு ரெண்டாவது மாடியில பத்திரிகைக்காரங்களுக்குக் குடுக்கற காயிதம். மீதியக் கூட்டிக் கொட்டறது நான்தானே. நம்ம சபையில பத்திரிகைக்காரரு உங்க பையன் ஒருத்தருதான்."

மூன்றே வாக்கியம். எங்கள் அலுவலகத்தில் எவரும் ஒரு செய்தியின் மூலத்தை அவ்வளவு சுத்தமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை.

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "டேய். வண்டியில யாரையாவது இடிச்சிட்டியா?"

"இல்லப்பா."

"இடிச்சிட்டு எங்கனா ஒளிச்சி வெச்சிருக்கியா?"

டிவிக்கு மேலே கை காட்டினேன். ஆறு அடி உயரத்தில், கையில் பந்தோடு, என் சகோதரர் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலில் புரிந்தது அம்மாவுக்கு. தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்தது அப்பாவுக்கு, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சங்கத்துப் பெண்களில் இளையவர், "அக்கா, இவரு பௌலருக்கா. கோடீஸ்வரரு" என்றார்.

ரூத் அக்கா படத்தின் அருகே போய்க் குனிந்து காலைப் பார்த்தார்.

"வலது முட்டியா?"

"ஆமாக்கா."

"மெய்யாலுமே அடிபட்டுச்சா?"

"மெய்யாலுமேக்கா."

"அப்ப ஜெபம் வீணில்ல." எண்ணெய் பாட்டிலை மறுபடி பையில் வைத்தார். "படத்துக்குப் பூசக் கூடாது, அது வேற பேச்சா ஆயிடும். பழம் அவருக்கு வாங்குனது. நீ தின்னு."

"கோவம் இல்லியாக்கா?"

"ஏன் இல்லாம? கிரிக்கெட்டுன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லிடப் போறேன்? அடிபட்டவன் அடிபட்டவன்தானே. நேத்து எம் பின்னாடிதானே ஒக்காந்திருந்த. வாயத் தொறந்திருக்கலாம் இல்ல."

அவர்கள் போன பிறகு அப்பா தீர்ப்புச் சொன்னார். நாளை ஆராதனையில் சாட்சி நேரத்தில் நானே எழுந்து சொல்ல வேண்டும். தவறினால் செயலாளர் பொறுப்பை அவர் விட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்றேன். என்ன எழுதினேன், எதை எழுதவில்லை, யார் பசியோடு இருந்தார்கள், யார் பரோட்டா சாப்பிட்டார் என்று வரிசையாகச் சொன்னேன். நான் இதுவரை தந்த செய்திகளில் எதையும் வெட்ட முடியாத செய்தி அது ஒன்றுதான். முடித்தபோது அப்பா தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "தம்பி, அதெல்லாம் சரி. இன்னிக்கு அவரு எறங்கறாரா இல்லியா?"

போதகர் கேட்டவரை முறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அவரும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"எறங்கறாருங்க. காலையில நியூஸ்ல வந்துடுச்சு."

எங்கோ ஒரு 'அல்லேலூயா' அடங்கிய குரலில் கேட்டது. போதகர் மைக்கை வாங்கி, மன்னிப்பைப் பற்றி நான்கு நிமிடம் பேசினார். வழக்கமாக நாற்பது நிமிடம் பேசுகிறவர். ஆராதனை பன்னிரண்டுக்கே முடிந்தது.

ரூத் அக்காவின் சீட்டை அந்த வாரப் பாரமாக எடுத்துக்கொள்ளலாமே என்று அப்பா கேட்டார். ரூத் அக்கா ஒப்பவில்லை. "பெட்டியில மத்தவங்களும் காத்திருக்காங்கண்ணா" என்றார். மூன்று வாரம் கழித்து அது தானாகவே வந்தது. அந்த வெள்ளிக்கிழமை நானும் உபவாசம் இருந்தேன். பன்னிரண்டரைக்கு எனக்குத் தலை சுற்றியதால், சங்கத்தார் எனக்கென்று தனியாக ஐந்து நிமிடம் ஜெபிக்க வேண்டியதாயிற்று. ரூத் அக்காவின் மகளுக்கு வேலை கிடைத்தது அடுத்த வருடம்தான். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

போட்டியைச் சொல்லவில்லையே. அவர் ஆடினார். முதல் பந்துக்கு ஓடிவந்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு அடிகூட நொண்டவில்லை. பத்து ஓவரும் போட்டார். பத்து ஓவரிலும் அடித்து நொறுக்கினார்கள். தோற்றோம்.

மறுநாள் குறைதீர் கூட்டத்துக்குப் போனபோது ரூத் அக்கா இரண்டாவது மாடிப் படியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தோத்துட்டோம்."

"பாத்தேன். நல்லா ஓடுனாரு."

"ஆனா தோத்துட்டோமேக்கா."

துடைப்பத்தை நிறுத்தினார். "ஓடணும்னு எழுதின, ஓடுனாரு. ஜெயிக்கணும்னு சீட்டுல எங்க எழுதின?"

சபைப் பெட்டியில் இன்று அப்பாவின் கையெழுத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: 'முழு விவரம் எழுதவும்.' நான் இப்போது அதே நாளிதழில் உதவி ஆசிரியர். ஆனால் வீட்டில் நான் காபி கேட்டாலும், "முழு விவரம் எழுதிக் குடுங்க" என்கிறாள் என் மனைவி. திருமணத்துக்கு முன்பே இந்தக் கதையை அம்மா அவளிடம் சொல்லிவிட்டார்.

போன மாதம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். முந்தின நாள் ரூத் அக்கா ஜெபிக்க வந்தார். அப்பா தயாராக எழுதிவைத்திருந்த ஒரு தாளை நீட்டினார். 'வலது கண். வேதம் வாசிக்க வேண்டும். கிரிக்கெட் பார்க்க வேண்டும். நாம் ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும்.'

ரூத் அக்கா நிதானமாகப் படித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"கண்ணு என் பொறுப்புண்ணா. கடைசி வரிக்கு ஆடறவங்கள ஒழுங்கா பிராக்டீஸ் பண்ணச் சொல்லுங்க."