லத்தூர் உயிரோடு இருப்பதற்கான சான்று

அப்பா விட்டுப்போன வீட்டின் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வது ஒன்றும் பேராசை இல்லை. பிரான்ஸ் பட்டாளத்தில் காலம் தள்ளிவிட்டு, 1997-இல் திருவண்ணாமலைக்குத் திரும்பிய கோபி லத்தூர் அப்படித்தான் நினைத்தார். செங்கம் ரோட்டு வீடு அப்பா ராஜமாணிக்கம் லத்தூர் பேரில் இருந்தது.

லத்தூர் என்பது குடும்பப் பேர். புதுச்சேரியில் தெருவுக்கும் மனுஷருக்கும் பிரெஞ்சுப் பேர் வைத்த காலத்தில், முப்பாட்டனார் ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தது. கோபிக்கு அதில் மிதப்பு கொஞ்சம் ஜாஸ்தி. வாசலில் பித்தளைப் பலகையே வைத்திருந்தார். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அதைப் படம் பிடித்தால், தற்செயலாகப் பக்கத்தில் போய் நிற்பார்.

தாலுகா ஆபீஸ் எழுத்தர் புகழேந்தி வாரிசு மனுவை மரியாதையோடு படித்தார். பேருக்குப் பின்னால் வருவது அப்பா பேர், அதுதான் நம் வழக்கம் என்றார்.

"ராஜமாணிக்கத்துக்கு அப்பா லத்தூர். உங்களுக்கும் லத்தூர். அப்போ அவரு உங்க அண்ணன்."

"அவர் எங்கப்பா சார்."

"அண்ணன் அப்பா மாதிரிதாங்க. நான் இல்லன்னு சொல்லல."

மனுவில் அம்மா வேதா லத்தூரும் இருந்தார். அந்த வழியில் போனால் அவர் அப்பாவுக்குத் தங்கை ஆகிவிடுவதால், குடும்ப கௌரவத்தை உத்தேசித்துப் புகழேந்தி தாமே அந்த வரியை அடித்துவிட்டார். பிறகு, மூலவரான லத்தூரின் இறப்புச் சான்றைக் கேட்டார்.

அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை என்று கோபி ஒரு மாதம் வாதாடினார். பிறக்காதவருக்கு வாரிசு ஏது, வீடு சர்க்காருக்குப் போய்விடும் என்று பதில் வந்தது. அதைக் கேட்டதும் கோபிக்குச் சரித்திரப் பற்று கம்மியாகிவிட்டது. லத்தூர் முதுமையால் அமைதியாகக் காலமானார் என்று பிரமாணம் எழுதிக் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, தங்கமான மனுஷர் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். பட்டா வந்துவிட்டது.

மார்கழியில் பிரான்சிலிருந்து ஒரு காகிதம் வந்தது. பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று உள்ளூர் ஆபீஸில் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். அவர்கள் வழக்கத்தில் குடும்பப் பேர் முன்னால் வரும்: லத்தூர் கோபி.

செத்துப்போன லத்தூரைத் தூக்கிக்கொண்டு கோபி அதே மேஜைக்குப் போனார். காகிதத்தைப் படித்த புகழேந்தியின் முகம் மலர்ந்தது.

"லத்தூர், அப்பா பேரு கோபி. தாத்தா பேரையே பையனுக்கு வெச்சிருக்கீங்க. சந்தோஷங்க. பையன நேர்ல கூட்டிட்டு வாங்க, எழுதித் தரேன்."

கல்யாணமே ஆகாத கோபி வாயைத் திறந்தார். அந்த லத்தூர் தாம்தான் என்று உண்மையைச் சொன்னால் செத்த தாத்தா உயிரோடு எழுந்து வருவார், பட்டா போய்விடும். வாயை மூடிக்கொண்டார்.

"வெளியிலதான் நிக்கிறான்" என்று சொல்லிப் போனவர், தலையை வாரிக்கொண்டு உள்ளே வந்து நின்றார்.

புகழேந்தி ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படியே தாத்தா ஜாடை" என்று முத்திரையைக் குத்தினார்.