மாமனாரை மூன்றாம் வகுப்பில் நிறுத்தினேன்

கணினித் துறையில் வேலை பார்ப்பவன் மாமனார் வீட்டுக் கணினியைத் தொடவே கூடாது. இதை ஆவடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொண்டேன்.

என் மாமனார் அருளப்பன், தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தன் வாழ்க்கைக் கதையை எழுதிக்கொண்டிருந்தார். தினமும் அதன் பிரதி ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில் தானாகச் சேரும்படி ஏற்பாடு செய்திருந்தவன் நான். (அதுவரை நல்ல மருமகன்.)

அன்று சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், லேப்டாப் ஆமையாகிவிட்டது என்றார். "பேக்கப் இருக்கே மாமா" என்று சொல்லி, லேப்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் சுத்தமாக அழித்தேன். புத்தகத்தைத் திரும்ப ஏற்றுவதற்கு முன், குவிந்து கிடந்த எழுநூறு பழைய பிரதிகளையும் கழித்துவிட ஆசை வந்தது. மவுஸால் அழித்தால் யார் மதிப்பார்கள்? கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை அடிக்க ஆரம்பித்தேன்.

"இன்னா மாப்ள, ஸ்கிரீனு கறுப்பா கீது? பூட்ச்சா?"

"எங்க ஆபீஸ்ல இதான் மாமா. ஏழு பேக்கப்ப மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை ஒரே அடில அழிச்சிடும்."

"எந்த ஏழு?"

"அதெல்லாம் அதுக்கே தெரியும் மாமா."

எவையெல்லாம் போகும் என்று முன்கூட்டியே காட்டும் ஒத்திகை வசதியும் அதில் உண்டு. (ஒத்திகையெல்லாம் நாடகக்காரர்களுக்கு.) எண்டரைத் தட்டினேன்.

அதற்குத் தெரியவில்லை. நான் வரிசையைத் தலைகீழாகக் கொடுத்திருந்தேன். இருப்பதிலேயே பழைய ஏழு பிரதிகளைப் பத்திரப்படுத்திவிட்டு மற்ற எல்லாவற்றையும் அழித்திருந்தது. மிஞ்சியதைத் திறந்தால் ஐந்தே பக்கம். மாமனார் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "அப்ப நான் பொறக்கவே இல்லயா?"

சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலயா? நல்லதாப் போச்சு."

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ரெண்டு வருசம், மாப்ள" என்றார். ஒரு வாரம் மல்லுக்கட்டியும் ஒரு வரியைக்கூட மீட்க முடியவில்லை.

அவர் நோட்டும் பேனாவுமாக மறுபடி தொடங்கினார். எழுதி முடித்து, அச்சடித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். நான் என் பெயரைத் தேடினேன். 'ஸ்டெல்லாவுக்குத் திருமணம் ஆனது' என்று ஒரே வரி.

"மாமா, என்னைப் பத்தி ஒண்ணுமே இல்லயே?"

"மொத தபா நாலு பக்கம் எய்தினேன் மாப்ள. தங்கமான மனுசன்னு. நீங்க அயிச்சதுல அதுவும் பூட்ச்சு."

இன்றும் நான் வீட்டில் என்ன பெருமை பேசினாலும் ஸ்டெல்லா கேட்கிறாள்: "இது அந்த நாலு பக்கத்துல இருந்துச்சா?"