சீட்டில் நாலாவது பெயர்

"அப்பா, தாத்தா சீட்டுல நாலாவதா இருக்கறது யாரு?"

மகள் நீட்டிய சீட்டைத் தபால்காரர் வாங்கிப் பார்த்தார்; அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. எந்தப் பெயர் எந்தக் கதவுக்குரியது என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவர் அவர். அவருடைய அப்பாவும் தபால்காரர்தான். முப்பது வருடத்தில் ஒரு கடிதம்கூட வீடு மாறிப் போனதில்லை என்பது குடும்பத்தின் பெருமை.

அப்பா போன பிறகு வரும் முதல் பித்ரு அமாவாசை நாளைக்கு. தர்ப்பணத்தில் சொல்லும் பெயர்களை அப்பாவே எழுதி வைத்திருந்தார்: அவருடைய அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. கீழே யாரோ ஒருவர்.

அத்தைக்குப் போன் போட்டார்.

"அப்படி ஒருத்தர் நம்ம வம்சத்துலயே கிடையாதுடா!"

அத்தை சித்தப்பாவைக் கேட்டாள். சித்தப்பா, "அண்ணனுக்கு வேற எங்கயாவது மாமனார்..." என்று இழுத்தார்.

மத்தியானத்துக்குள் அப்பாவுக்கு இரண்டாவது கல்யாணமே நடந்து முடிந்துவிட்டது. அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல இருவரும் பெட்டியோடு வந்து இறங்கினார்கள்.

"ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்கே நேரத்துக்கு வராத மனுஷன், ரெண்டு வீடு எங்க வச்சுக்கறது?" என்று அம்மா சிரித்தாள். ஆனால் அந்தப் பெயர் அவளுக்கும் தெரியவில்லை.

"அட்ரஸ் தப்பாத மனுஷன், தண்ணிய மட்டும் தப்பான ஆளுக்கு விட்டிருக்காரு. அந்தப் பேரை அடிச்சிடு" என்றார் சித்தப்பா.

தபால்காரர் பேனாவைத் திறந்தார். அப்பாவின் கையெழுத்தின் மேல் கோடு போடக் கை வரவில்லை. மூடிவிட்டார்.

காலையில் ஆற்றங்கரையில் சித்தப்பா காவல் நிற்க, வம்சத்துப் பெயர்களோடு தர்ப்பணம் முடிந்தது. எல்லோரும் படியேறிப் போனார்கள். தபால்காரர் மட்டும் திரும்பி வந்து தண்ணீரில் இறங்கினார்.

'அப்பா பண்ணினது தப்புன்னா, அதுல எனக்கும் பங்கு இருக்கட்டும்.'

அந்தப் பெயரை மெல்லச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விட்டார்.

பின்னால் யாரோ விசும்பினார்கள். ஆற்றங்கரையில் பூ விற்கும் பூக்காரம்மா கூடையோடு நின்றிருந்தாள்.

"அவரை உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"எங்கப்பாங்க. வெள்ளத்துல தபால் பையோட அடிச்சிக்கிட்டுப் போன உங்கப்பாவை இழுத்துக் கரையேத்தினவரு. நனைஞ்ச கடுதாசியெல்லாம் எங்க வீட்டு அடுப்புல காயவச்சுத்தான் உங்கப்பா அன்னிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாரு. ரெண்டு பேரும் வெளியில மூச்சு விடல."

தபால்காரரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"எங்க வீட்டுல ஆம்பளைப் புள்ளை இல்லீங்க. எல்லாரும் போனப்புறம் உங்கப்பாதான் இதே மாதிரி வந்து எங்கப்பா பேரைச் சொல்லுவாரு. எனக்குக் கேக்கும்னு அவருக்குத் தெரியாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்கப்பா போனதும் எங்கப்பா அநாதையாயிட்டாருன்னு நெனச்சேங்க."