புண்ணில்லாதவர்களின் குளம்

தெளிநீர் நாட்டில் ஒரு குளம் இருந்தது. எந்தப் புண்ணோடு இறங்கினாலும் அதன் நீர் ஆற்றிவிடும். மன்னர் தம் கையாலேயே வெட்டிய குளம் அது. "நோயுள்ளவர் யாரும் வரலாம், எதுவும் கொண்டுவர வேண்டாம்" என்று அறிவித்துவிட்டு, எதிரியிடம் சிக்கிய குடிமக்களை மீட்க அவர் எல்லைக்குப் போனார். குளம் பேரவையின் பொறுப்புக்கு வந்தது.

மன்னர்மேல் இருந்த பக்தியால் பேரவை முதலில் சுவர் எழுப்பியது. சுவர் இருந்தால் வாசல் வேண்டும்; வாசல் இருந்தால் விதி வேண்டும். கால் கழுவி வரவேண்டும் என்றார்கள். பிறகு வெள்ளை உடை என்றார்கள். கடைசியில், குளத்தின் தூய்மை கருதி, புண் உள்ளவர்கள் இறங்கக் கூடாது என்று தூய்மை அமைச்சர் நீதிமாணிக்கம் ஆணையிட்டார்.

அந்த வாரத்தில்தான் ஞானப்பூ தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சிறுமி தெபோராளுக்குக் கால் புண் சீழ்பிடித்துக் காய்ச்சல் கண்டிருந்தது.

"புண் ஆறியதும் அழைத்து வாருங்கள். தாராளமாக இறங்கலாம்," என்றார் அமைச்சர் மிகுந்த கனிவோடு.

"ஆறிட்டா நாங்க எதுக்குங்கய்யா வரணும்?"

"நன்றி செலுத்த."

ஞானப்பூ திரும்பிப் போகவில்லை. போக இடமும் இல்லை. வாசலுக்கு வெளியே துணி விரித்து மகளைக் கிடத்தினாள். அவளைப் போன்றவர்கள் அங்கே சேர்ந்துகொண்டே போனார்கள்.

தேர்தல் வந்தது. குளத்தில் இறங்கத் தகுதியுள்ளவர்களுக்கே வாக்குரிமை என்றானதால் பேரவை ஒருமனதாக மீண்டும் தேர்வானது. அடுத்து, புண்ணை மறைப்பது குற்றமாயிற்று. அடுத்தவர் புண்ணைக் காட்டிக்கொடுப்பது புண்ணியமாயிற்று. கொளுத்தும் வெயிலிலும் மக்கள் முழுக்கைச் சட்டை போட்டார்கள். தெருவில் ஒருவரும் சொறிந்துகொள்ளவில்லை. கணவன் தூங்கும்போது மனைவி அவன் முதுகைப் பார்த்தாள்.

நீதிமாணிக்கத்துக்குத் தூக்கம் போயிருந்தது. அவருடைய இடுப்புப் பட்டைக்கு அடியில் ஒரு புண் வளர்ந்துகொண்டிருந்தது. பிறர் நீராடுவதை நாள்தோறும் கரையில் நின்று மேற்பார்வையிட்டவர், தாம் மட்டும் நனையவில்லை. வாசனைத் தைலத்தை மேலும் மேலும் பூசிக்கொண்டார். புண் அதிகம் வலித்த நாளெல்லாம் ஒரு புது விதி போட்டார்.

ஒருநாள் மதியம், கிழிந்த உடையில் ஒருவர் வாசலுக்கு வந்தார். இரண்டு உள்ளங்கைகளிலும் காயம்.

"ஐயையோ, புண்ணு! போய் ஆத்திட்டு வாய்யா," என்றான் காவலன்.

அவர் திரும்பி, தெபோராள் அருகே குனிந்தார்.

"உள்ள விட மாட்டேங்கிறாங்கய்யா," என்றாள் ஞானப்பூ. "பிள்ளைக்கு உடம்பு அனலா கொதிக்குது."

"என்னையும் விடலம்மா," என்றார் அவர்.

பிறகு சுவரின் தாழ்ந்த பக்கம் போய், அந்தக் கைகளாலேயே கற்களைப் பிடுங்கத் தொடங்கினார். கல்லெல்லாம் ரத்தம். காவலன் கத்திக்கொண்டு ஓடிவருவதற்குள் சுவரோடு கரையும் உடைந்து நீர் தெருவில் பாய்ந்தது. கிடந்தவர்கள் எல்லார்மேலும் பாய்ந்தது. குளிரில் அலறிய தெபோராள் சட்டென அமைதியானாள்.

"அம்மா, வலிக்கல."

சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்த நீதிமாணிக்கம் அந்த முகத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"மன்னா, நான் எல்லா விதியையும்..." என்று தொடங்கினார்.

"உனக்கு எங்கே வலிக்குது?" என்று கேட்டார் மன்னர்.

அதை நீதிமாணிக்கத்திடம் யாரும் கேட்டதில்லை. அவர் கை இடுப்புப் பட்டைக்குப் போனது. பேரவையினர் சுவர்மேல் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, எல்லாரும் பார்க்க, பட்டையை அவிழ்த்தார். நாற்றம் எழுந்தது. சிலர் மூக்கைப் பொத்தினார்கள். தெபோராள் மட்டும் நகர்ந்து இடம்விட்டாள்.

"இங்க உக்காருங்கய்யா. இங்கதான் தண்ணி நல்லா வருது."

அவர் சேற்றில் உட்கார்ந்து அழுதார்.

உள்ளே, வற்றிப்போன குளத்தைச் சுற்றி நின்று பேரவை அவசரமாகக் கூடியது. புதிய தூய்மை அமைச்சரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. மாலைக்குள் அவருடைய முதல் ஆணை வெளியாயிற்று: தெருவில் ஓடும் நீர் மன்னருடையது அல்ல.